வரிசையில் இல்லாதவர்கள்

‘‘நாங்க யாரையும் ஒதுக்கலையே சார்... வந்தவங்க எல்லாருக்கும் கொடுத்தோமே!’’

வெள்ள நிவாரணம், புயல் நிவாரணம் என்று களத்தில் இறங்கி வேலை பார்த்த யாரிடம் வேண்டுமானாலும் பேசிப் பாருங்கள். அவர் வி.ஏ.ஓ.வாக இருக்கலாம். நண்பர்களிடம் காசு வசூலித்து பிரெட், பால் பவுடர், பாய், போர்வை வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய கல்லூரிப் பையனாக இருக்கலாம். பெரிய தொண்டு நிறுவனத்தின் சம்பள ஊழியராகவும் இருக்கலாம். இந்த வாக்கியம் எப்படியும் வந்து விழும். அவர் பொய் சொல்லவில்லை. நாலு பேருக்குச் சோறு போட்ட திருப்தியோடுதான் சொல்கிறார்.

எனக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் உறுத்துகிறது. ‘வந்தவங்க.’

சரி, வராதவங்க?

அங்கே யாரும் யாரையும் விரட்டவில்லை. சாதி கேட்கவில்லை, கட்சி கேட்கவில்லை. நல்லவர்கள் கூடி நல்ல மனசோடு ஒரு காரியம் செய்கிறார்கள். அது முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, நாலு தெரு தள்ளி ஒருத்தர் மூன்று நாளாகப் பட்டினி கிடந்தார் என்று தெரியவந்தால் யார் மேல் வழக்குப் போடுவீர்கள்? குற்றவாளியே இல்லாமல் ஒரு குற்றம் நடக்க முடியுமா?

அந்தரத்தில் வைத்துப் பேசினால் இது பிடிபடாது. ஒரு ஊரில் வைத்துப் பார்ப்போம். சந்தவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம், ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரம். ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பழக்கமான பெயர். மலையில் பெய்கிற மழை கமண்டல நதியாக இறங்கி வருகிறது. படவேட்டுப் பக்கம் மலையடியில் செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. அணை நிரம்பினால் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். கரையோரத்து ஜனங்கள் மேடான இடத்துக்குப் போகச் சொல்லி அறிவிப்பு வரும்.

இனி வருவது கற்பனை. இந்த வட்டாரத்தில் ஆற்றோரமாக நூறு வீடு உள்ள ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மாதம், ராத்திரி பதினோரு மணி, கொட்டுகிற மழை. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, ‘பொதுமக்கள் உடனடியாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடவும்’ என்று தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு போகிறார்கள். (முன்பெல்லாம் தண்டோரா. 2022-ல் அரசு அதற்குத் தடை போட்டது. நல்ல காரியம்.) ஊர் எழுந்து ஓடுகிறது. கடைசி வீட்டில் தனியாகத் தூங்கிக்கொண்டிருக்கும் தச்சருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஆட்டோ அவர் வீட்டைக் கடந்து போய்விட்டது. அறிவிப்பு கொடுத்தாயிற்று, கணக்கில் எழுதியாயிற்று.

அடுத்த தெருவில் ஒரு ஆயா. எண்பது வயசு. மகன் பெங்களூரில் கட்டட வேலை. ஆயாவுக்குக் கண்ணும் மங்கல், முட்டியும் போச்சு. மைக் சத்தம் நன்றாகவே கேட்டது. கேட்டு என்ன செய்வது?

புளியமரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு உடைந்த ஒரு இளைஞன். அவனை மட்டும் நாலு பேர் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். ஊர் அப்படியொன்றும் கல்நெஞ்சு கிடையாது. ஆனால் சக்கர நாற்காலியை விட்டுவிட்டார்கள். ‘உசுரு பொழைச்சா போதாதாப்பா, நாற்காலியை அப்புறம் பாத்துக்கலாம்.’ பள்ளிக்கூடத்து வாசலில் நாலு படி. அவனை வகுப்பறையின் சிமென்ட் தரையில் உட்கார வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவன் வெறும் தரையில், ஈரத் துணியோடு இரண்டு நாள் உட்கார்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? படுக்கைப் புண் வரும். அவனுக்கு வலிக்காது, அதனால் தெரியவும் தெரியாது. அது எலும்புவரை போய் ரத்தத்தில் விஷம் ஏறினால் உயிரே போகலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மெத்தென்று ஏதாவது விரிக்க வேண்டும் என்று முகாமில் இருந்த ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். வெள்ளத்திலிருந்து தூக்கி வந்தவர்களே அவனைத் தரையில் வைத்துக் கொல்கிறார்கள், அன்போடு.

நான்காவதாக ஒரு அம்மா, பன்னிரண்டு வயசு ஆட்டிசப் பையனோடு முகாமுக்கு வந்தாள். நூறு பேர் பேசுகிற சத்தம், டியூப்லைட் வெளிச்சம், புது இடம். பையன் ராத்திரி முழுக்க அலறினான். ‘கொழந்தைங்க தூங்க வேணாமா?’ என்று ஒருத்தர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. விடியற்காலையில் அவள் பையனை இழுத்துக்கொண்டு ஒழுகுகிற வீட்டுக்கே திரும்பிவிட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக ‘சுயவிருப்பத்தில் வெளியேறினார்’.

கற்பனை போதும், நிஜத்துக்கு வருவோம். 2024 டிசம்பர் முதல் வாரம், இதே மாவட்டம். ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் பாறையும் மண்ணும் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதே நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக விநாடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தென்பெண்ணையில் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. முன்கூட்டியே எச்சரிக்கவில்லை என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. இரண்டு பக்கமும் நிறையப் பேசினார்கள். எச்சரிக்கை என்றால் என்ன என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. காது கேட்காதவருக்கு ஐந்து முறை மைக்கில் சொன்னால், அவருக்கு எத்தனை எச்சரிக்கை கொடுத்ததாகக் கணக்கு?

உலகம் முழுக்க இதே கதைதான். 2004 டிசம்பர் 26 சுனாமியை நாகப்பட்டினம் மறக்காது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதே காலையில் இலங்கையில் காலி நகரத்தில், ‘சம்போதி’ என்ற ஊனமுற்றோர் இல்லத்துக்குள் அலை புகுந்தது. அங்கே இருந்த 102 பேரில் பிழைத்தவர்கள் 41 பேர். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் இருந்தார்கள். எதற்காக ஓட வேண்டும் என்பதே புரியாதவர்களும் இருந்தார்கள்.

2005-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். கட்ரினா சூறாவளி. கை கால் செயலிழந்த ஒரு பெண், தன்னை ஏற்றிப் போக வண்டி கேட்டு நாள்கணக்கில் போன் செய்துகொண்டே இருந்தார். வண்டி வரவில்லை. தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று தோழியிடம் போனில் சொன்னார், அத்தோடு இணைப்பு அறுந்தது. சில நாள் கழித்து சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உடல் கிடைத்தது. பணக்கார நாடு. ஹெலிகாப்டருக்குப் பஞ்சமில்லை. அப்படியொரு பெண் அந்த முகவரியில் இருக்கிறார் என்ற தகவல், வேண்டிய நேரத்தில் வேண்டியவர் கையில் இல்லை. அவ்வளவுதான்.

நம்மூர் ஏர்வாடியைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருபக்கமாகப் பேசியதாகிவிடும். 2001 ஆகஸ்ட் 6. மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் ஓட முடியாதவரை மறந்தார்கள். இங்கே ஓடக் கூடியவர்களையே ஓடாதபடி கட்டி வைத்திருந்தோம்.

தகவல் இல்லை என்றேனே, அதை இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர், அதாவது 2.21 சதவிகிதம். தமிழ்நாட்டில் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம், 1.64 சதவிகிதம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்ன கணக்கோ உலகத்தில் 130 கோடிப் பேர், 16 சதவிகிதம். ஆறு பேரில் ஒருவர்!

நம்முடைய அந்த நூறு வீட்டு கிராமத்தில் அறுநூறு பேர் இருந்தால், நம் கணக்கெடுப்பின்படி பத்துப் பேர். உலகக் கணக்கின்படி தொண்ணூற்றாறு பேர். மிச்சம் எண்பத்தாறு பேர் எங்கே போனார்கள்? தமிழர்களுக்கு மட்டும் இரும்பு உடம்பா?

எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார்கள். கேட்கிற கேள்வி அப்படி. கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று, ‘வீட்ல ஊனமுற்றோர் யாராச்சும் இருக்காங்களா?’ என்கிறார். ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க’ என்று பதில் வருகிறது. உள்ளே ஆயா கட்டிலில் கிடக்கிறாள். ஆயா ஊனமுற்றவளா என்ன? ஆயாவுக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான். காது மந்தமான அப்பாவுக்கு ‘கொஞ்சம் கேக்காது’. மனநலம் குன்றிய பெண்ணைப் பற்றிச் சொன்னால் தங்கச்சிக்கு வரன் அமையாது. ‘ஊனம்’ என்ற சொல்லைக் கேட்டதுமே வாய் மூடிக்கொள்கிறது. கலைஞர் முதல்வராக இருந்தபோது ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் கொண்டுவரப்பட்டது. மரியாதையான சொல், நிலைத்தும்விட்டது. ஆனால் வாசலில் நின்று ‘மாற்றுத்திறனாளி இருக்காங்களா?’ என்று கேட்டாலும் அதே ‘இல்லீங்க’தான்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உலக நாடுகளின் புள்ளிவிவரக்காரர்கள் கூடி உருவாக்கிய ‘வாஷிங்டன் குழு’ கேள்விகள். மொத்தம் ஆறே ஆறு. கண்ணாடி போட்டும் பார்ப்பதில் சிரமம் இருக்கிறதா? காது மெஷின் வைத்தும் கேட்பதில் சிரமமா? நடக்க, படியேற? ஞாபகம் வைத்துக்கொள்ள, கவனம் செலுத்த? குளிக்க, உடுத்த? மற்றவர் சொல்வதைப் புரிந்துகொள்ள, தான் சொல்வதைப் புரிய வைக்க? ஒவ்வொன்றுக்கும் சிரமமே இல்லை, கொஞ்சம், நிறைய, முடியவே முடியாது என்று நாலு பதில். கவனியுங்கள், ‘ஊனம்’ என்ற சொல்லே இதில் இல்லை. ‘நடக்கச் சிரமமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஆமாங்க, நாலு வருசமா எழுந்திருக்கவே முடியலை’ என்று ஆயாவே உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

நிவாரணப் பணியாளர்களுக்கு இந்த விஷயத்தில் பயிற்சி கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆறு கேள்வியைக் கற்றுக்கொடுக்கிறார்கள். ‘எல்லோரிடமும் அன்பாக இருங்கள்’ என்பது பயிற்சியே கிடையாது. அன்பு ஏற்கெனவே இருக்கிறது, அதனால்தானே வேனில் ஏறி வந்தார்கள்! பயிற்சி என்பது ரொம்பச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். பார்வையில்லாதவரைக் கூட்டிப்போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதே, உன் முழங்கையை நீட்டு, அவர் பிடித்துக்கொள்வார். இருட்டில் காது கேளாதவரைப் பார்த்தால் டார்ச்சை அவர் முகத்தில் அடிக்காதே. உன் முகத்தில் அடித்துக்கொள், அப்போதுதான் உன் உதடும் சைகையும் அவருக்குத் தெரியும். காலிபர் போட்டவரைத் தூக்கும் முன்னால் ‘எங்கே பிடிக்கலாம்?’ என்று அவரையே கேள். சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் சாமான் கிடையாது, உடம்பு. அதை விட்டுவிட்டு வந்தால் ஆளைப் பாதிதான் கொண்டுவந்திருக்கிறாய்.

அப்புறம் முகாமில் கழிவறை. படி வைத்த, குறுகலான கதவுள்ள கழிவறை என்றால் நடக்க முடியாத பெண் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவாள். யாரிடமும் சொல்லவும் மாட்டாள். நீங்கள் கொடுத்த மினரல் வாட்டர் பாட்டில் அப்படியே மூலையில் இருக்கும்.

சில பயிற்சிகளில் ஒரு விளையாட்டு நடத்துகிறார்கள். பங்கேற்பாளர்களின் கண்ணைத் துணியால் கட்டிப் பத்து நிமிஷம் நடக்க விடுவது, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ஹாலைச் சுற்றச் சொல்வது. முடிந்ததும் எல்லோரும் கண் கலங்கி, ‘இவ்ளோ கஷ்டமா சார்!’ என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பத்து நிமிஷம் கண்ணைக் கட்டிக்கொண்டவருக்குத் தெரிவது பார்வை போன முதல் பத்து நிமிஷத்தின் பயம். முப்பது வருஷமாகப் பார்வையில்லாமல் மின்சார ரயிலில் ஏறி இறங்கி வேலைக்குப் போகிறவரின் சாமர்த்தியம் அதில் துளியும் தெரியாது. பயத்தைக் கற்றவர் திரும்பிப்போய்ப் பரிதாபப்படுவார். பரிதாபப்படுகிறவர் கேட்க மாட்டார், தூக்குவார். பார்வையில்லாதவர் ஒருவரையே வாத்தியாராக அந்த ஹாலில் நிற்க வைத்தால் துணியும் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம்.

நிற்க வைக்கிறோமா? நிவாரணம் என்றாலே நம் மனசில் இரண்டு பட்டியல். கொடுப்பவர்கள், வாங்குபவர்கள். ஊனமுற்றவரை யோசிக்காமலேயே இரண்டாவது பட்டியலில் எழுதிவிடுகிறோம்.

சந்தவாசலிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் போக ஒரு மணி நேரம் ஆகுமா? அங்கே சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இளம் வயசு. கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அப்போது அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக்கொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட் ஒரு சாதாரண விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். கையில் செய்யும் ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே! மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கத்தியை எடுத்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு சிகிச்சை பெற்று, அந்த மருத்துவத்தையே படித்துத் திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானது. 1972-ல் பத்மஸ்ரீ. மரத்திலிருந்து விழுந்தவர்களும் லாரியில் அடிபட்டவர்களும் இன்றைக்கும் அங்கே போய் மறுபடி வாழக் கற்றுக்கொள்கிறார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மேரியின் மன உறுதிகூட இல்லை. (அதைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய.) அந்த ஆபரேஷனை நின்றுகொண்டு செய்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் முதலிலிருந்தே இல்லை என்பதுதான். ஒருவர் கவனித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

குறை உடம்பில் இருக்கிறதா, இடத்தில் இருக்கிறதா? ஜவ்வாது மலைத்தொடரில் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலை. 2023 மே மாதம் அங்கே பாம்பு கடித்த ஒன்றரை வயசுக் குழந்தையை, சாலை இல்லாததால் நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேர்க்க முடியாமல் குழந்தை இறந்தது. உடலைத் தாய் கையில் சுமந்துகொண்டு மலையேறினார். நல்ல கால்கள் உள்ளவர்கள்தான் எல்லோரும். சாலை இல்லாத மலையில் அவர்கள் எல்லோருமே நடக்க முடியாதவர்கள் ஆகிவிட்டார்கள். நாலு படி உள்ள பள்ளிக்கூடம் முதுகுத்தண்டு உடைந்த இளைஞனுக்குச் செய்வதும் இதுவேதான். சாலை போடாதது அரசின் தப்பு என்று உடனே கோபப்படுகிறோம். படிக்குப் பக்கத்தில் சாய்தளம் போடாதது யார் தப்பு?

இங்கே ஒரு வாசகர் கை தூக்குவார். தூக்க வேண்டும்.

‘எல்லாம் சரி. வெள்ளம் வந்துகிட்டிருக்கு. இருக்கறது ஒரு படகு, ரெண்டு ஆளு. ஆயாவைத் தூக்கிட்டு வர்ற நேரத்துல ஓடிவர்ற பத்துப் பேரை ஏத்திடலாம். பத்தா, ஒண்ணா? சொல்லுங்க.’

மழுப்பாமல் சொல்கிறேன். அந்த ராத்திரியில் அந்தப் படகுக்காரர் என்ன முடிவெடுத்தாலும் நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கரையில் காய்ந்த சட்டையோடு நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனால் ‘பத்தா, ஒண்ணா’ என்ற கேள்வி ஆகாயத்திலிருந்து விழுந்ததா? ஆடி மாதத்தில் ஆயாவின் பெயர் ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தால், பக்கத்து வீட்டு இரண்டு பேரிடம் ‘இவங்க ஒங்க பொறுப்பு’ என்று சொல்லியிருந்தால், மழை வலுத்த மத்தியானமே ஆயாவை மினி ஆட்டோவில் ஏற்றியிருக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்கு அந்தக் கொடூரமான கேள்வி எழுந்தே இருக்காது. தர்மசங்கடம் என்று நாம் மலைக்கிற பல கேள்விகளின் உள்ளே ஆறு மாதச் சோம்பல் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சோம்பலுக்குப் படகுக்காரரைப் பொறுப்பாக்குவது அநியாயம்.

அப்படியும் சில சங்கடங்கள் மிஞ்சத்தான் செய்யும். ஒரு வென்டிலேட்டர், இரண்டு நோயாளி. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் பழைய அவசரகாலத் திட்டத்தில், கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை வென்டிலேட்டருக்கு உகந்தவர்கள் இல்லை என்று ஒதுக்குகிற மாதிரி எழுதி வைத்திருந்தார்கள். கோவிட் வந்தபோது ஊனமுற்றோர் அமைப்புகள் புகார் கொடுத்தன. 2020 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. இந்த நோயாளி பிழைப்பாரா என்று டாக்டர் பார்ப்பது வேறு. ‘இவர் இந்த ரகம், அதனால் கடைசி’ என்று பேப்பரில் முன்கூட்டியே எழுதி வைப்பது வேறு. முதலாவது எந்த டாக்டரும் செய்ய வேண்டிய வேலை. இரண்டாவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது என்று நினைக்கிறேன்.

கொடுப்பதில் முறை என்ன என்பது தமிழுக்குப் புதிய கேள்வியும் இல்லை. மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரையில் ஓடு ஏந்திப் பிச்சை எடுப்பான். கிடைத்ததும் தான் சாப்பிட உட்கார மாட்டான். பார்வையில்லாதவர், காது கேளாதவர், கால் முடங்கியவர், ஆதரவில்லாதவர், நோயாளி என எல்லோரையும் அழைத்து ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தின்றுவிட்டு ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். நாம் அமுதசுரபியைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கிடைப்பதற்கு முன்னால், ஒரே ஒரு ஓட்டுச் சோற்றை வைத்துக்கொண்டு அவன் யாரை முதலில் கூப்பிட்டான் என்பதல்லவா விஷயம்? (காது கேளாதவரை எப்படிக் கூப்பிட்டிருப்பான் என்று நானும் யோசித்திருக்கிறேன். நேரில் போய் நின்றிருப்பான்.)

நம் நிவாரணம் அப்படியா நடக்கிறது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தார்களே, நீங்களே டோக்கனோடு நின்றிருப்பீர்கள். உங்கள் தெருவில் ஊன்றுகோலோடு வந்தவரை ‘முன்னால போங்க’ என்று அனுப்பியிருந்தால் சந்தோஷம். அவராவது கடைவரைக்கும் வந்துவிட்டார். வர முடியாதவர் வீட்டுக்குப் போனது யார்?

பேப்பரில் எதற்கும் குறைவில்லை. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. ஒப்பந்தத்தின் 11-வது பிரிவு பேரிடரைப் பற்றியே பேசுகிறது. 2007-லேயே இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. 2019-ல் நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தனியாக வழிகாட்டுதல்களே வெளியிட்டது. சர்வதேச நிவாரண அமைப்புகள் சேர்ந்து வழிகாட்டி நூல் போட்டதும் அதே வருஷம்தான். ‘ஆப்த மித்ரா’ என்ற திட்டத்தில் நாடு முழுக்கத் தன்னார்வலர்களுக்குப் பேரிடர் மீட்புப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு ‘உரிமைகள்’ என்றே பெயர் வைத்து ஒரு திட்டத்தைத் தொடங்கி, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். இந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. ‘கருணை’ என்று வைக்கவில்லை பாருங்கள்.

நான் முக்கியமாக நினைப்பது 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவு. வக்கீல் பாஷையை உதறிவிட்டுச் சொன்னால் இவ்வளவுதான்: மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிகிற விதத்தில் தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஆணையத்தின் தலைவர் கலெக்டர். அதாவது அந்தத் தச்சருக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பது யாருடைய நல்ல மனசையும் நம்பி இல்லை, சட்டப்படி ஒரு நாற்காலியின் வேலை. ஆரம்பத்தில் கேட்டேனே, குற்றவாளி இல்லாத குற்றத்துக்கு யார் பொறுப்பு என்று... 2016-க்கு முன்னால் அது தத்துவக் கேள்வியாக இருந்திருக்கலாம். இப்போது அதற்கு ஒரு முகவரி இருக்கிறது.

ஆனால் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் பட்டியல் ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் தட்ட வேண்டும். அதனால் பட்டியல் ஊரிலும் இருக்க வேண்டும், எந்தக் கதவை யார் தட்டுவது என்ற பெயரோடு. சாமர்த்தியசாலி ஊர் என்றால் தச்சர் வீட்டு வாசலில் ஒரு லைட்டைப் போட்டு, சுவிட்சை எதிர்வீட்டில் வைக்கும். செலவு ஐநூறு ரூபாய்கூட ஆகாது.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்குகிறது. அக்டோபர் 2-ம் தேதி எல்லா ஊராட்சியிலும் கிராம சபை. நடுவில் இரண்டு வாரம் இருக்கிறது. நீங்கள் நகரத்துக்காரர் என்றால் உங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டம். அதில் தண்ணீர் வரி, தெருவிளக்கு, குப்பை எல்லாம் பேசி முடித்த பிறகு பத்து நிமிஷம் கேட்டு வாங்கி, அந்த ஆறு கேள்வியை வாசியுங்கள். பெயர்கள் தானாக வரும். பெயருக்கு உரியவர்களையே கூட்டத்துக்கு அழைத்துவிட்டால் இன்னும் சுலபம், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

கூட்டத்தை மட்டும் மாடியில் வைக்காதீர்கள்.